கோஷியெனில் எண்ணப்பட்ட பந்துகள்

1933 ஆகஸ்டில் ஜப்பானின் கோஷியென் மைதானத்தில் நடந்த பள்ளிகளுக்கிடையிலான பேஸ்பால் அரையிறுதி, ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது, இருபத்தைந்து இன்னிங்ஸ் வரை இழுத்தது. அகாஷி பள்ளியை 1–0 என்று ச்சூக்யோ வணிகப் பள்ளி வென்றபோது ஐந்து மணி நேரம் ஆகப்போயிருந்தது. ச்சூக்யோவின் பிட்சர் (பந்தெறிபவர்) மசாவோ யோஷிடா தொடக்கம் முதல் முடிவு வரை ஒற்றை ஆளாக 336 பந்துகளை எறிந்தார். மறுநாள் இறுதியாட்டத்திலும் அவர்தான் எறிந்தார். கோப்பையும் கிடைத்தது.

336 என்று இன்று நமக்குத் தெரிகிறது என்றால் அன்றே யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். பந்துகளை எண்ணும் பழக்கம் ஜப்பானுக்குப் புதிதல்ல. ஆனால் அந்தக் கணக்கு பையனின் கையைக் காப்பதற்காக வைக்கப்பட்டதல்ல. அவன் எவ்வளவு தாங்குகிறான் என்று ஊர் வியப்பதற்காக வைக்கப்பட்டது. எண் பெருகப் பெருகப் புகழும் பெருகியது.

இந்தப் போட்டி 1915-ல் தொடங்கியது. கோஷியென் மைதானம் 1924-ல் எழுந்தது. கொளுத்தும் ஆகஸ்ட் வெயிலில், ஒருமுறை தோற்றாலே ஊருக்கு மூட்டை கட்ட வேண்டிய முறையில் ஆட்டங்கள் நடக்கும். தேசமே பார்க்கும். ஒவ்வொரு பள்ளியும் முதுகில் 1 என்ற எண்ணைச் சுமக்கும் தன் முதன்மைப் பிட்சரையே நம்பியிருக்கும். அவரை இடையில் உட்கார வைப்பது, பயிற்சியாளர் தோல்வியை ஒப்புக்கொள்வதற்குச் சமமாகப் பார்க்கப்பட்டது.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் என்ன ஆபத்து என்று தோன்றலாம். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் கையை நிமிர்த்திச் சுழற்ற வேண்டும். பேஸ்பால் பிட்சரோ முழங்கையை மடக்கிச் சாட்டையைச் சொடுக்குவதுபோல் எறிகிறார். ஒவ்வொரு முறையும் முழங்கையின் உட்புறத்தில் எலும்பை எலும்போடு கட்டியிருக்கும் நார் இழுபடுகிறது. வளரும் வயதில் அந்த எலும்பின் முனையே இன்னும் முற்றாத குருத்து. களைத்த உடம்போடு எறியும்போது கால், இடுப்பு, தோள் ஏற்க வேண்டிய பாரமும் அந்தச் சிறு இடத்தில் வந்து இறங்குகிறது.

முதல் கடிவாளம் 1958-ல் வந்தது. தொகுஷிமா பள்ளியின் எய்ஜி பாண்டோ வட்டாரப் போட்டி ஒன்றில் ஒருநாள் 16 இன்னிங்ஸும் அடுத்த நாள் 25 இன்னிங்ஸும் எறிந்ததைப் பார்த்து அதிகாரிகளே மிரண்டுபோனார்கள். இனி 18 இன்னிங்ஸில் முடிவு வராவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி இன்னொரு நாள் புதிதாக ஆடவேண்டும் என்றார்கள். அந்தக் கோடையிலேயே கோஷியெனில் அந்த விதி முதன்முதலாகப் பாய்ந்தது, அதே பாண்டோவின் மேல்! 18 இன்னிங்ஸ் எறிந்து, 25 பேரைப் பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றி (ஸ்டிரைக்-அவுட்), 0–0 என்று நின்ற ஆட்டத்துக்காக மறுநாளும் அவரே வந்து எறிந்தார். காப்பாற்ற வந்த விதி கூடுதலாக ஒன்பது இன்னிங்ஸைத் தலையில் கட்டியதுதான் மிச்சம்.

1991-ல் ஒகினாவா சுய்சான் பள்ளியின் ரின் ஓனோ வலிக்கும் முழங்கையோடு ஆறு ஆட்டங்களையும் முழுதாக எறிந்தார்: 773 பந்துகள். இறுதியாட்டத்தில் அணி தோற்றது. பிறகு பரிசோதித்தபோது முழங்கை எலும்பு முறிந்திருந்தது. தொழில்முறை ஆட்டத்துக்கு அவர் வந்தார், ஆனால் பிட்சராக அல்ல, ஃபீல்டராக. கோஷியெனுக்கு வரும் பிட்சர்களின் தோளையும் முழங்கையையும் மருத்துவர்கள் முன்கூட்டியே சோதிக்கும் ஏற்பாடு இதன் பிறகே பிறந்தது.

இருந்தாலும் 1998-ஐ யாரும் தடுக்கவில்லை. யோகொஹாமா பள்ளியின் டைசுகே மாட்சுசாகா, வயது 17, முந்தைய நாள் ஒரு முழு ஆட்டம் எறிந்துவிட்டு வந்து பி.எல். காக்குயென் பள்ளிக்கு எதிராக 17 இன்னிங்ஸில் 250 பந்துகள் எறிந்தார். அடுத்த நாள் அரையிறுதியின் கடைசி இன்னிங்ஸிலும் களமிறங்கினார். அதற்கடுத்த நாள் இறுதியாட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. ஜப்பான் இன்றும் நெஞ்சில் வைத்திருக்கும் கதை இது. 2011-ல் அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்தபோது அவருடைய முழங்கை நாருக்கு அறுவை சிகிச்சை நடந்ததை அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. அந்த வாரம்தான் அதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. பெரியவர்கள் வசதியாகப் பேசாமலிருக்க அந்தச் சந்தேகமே போதுமானதாக இருந்தது. 2006-ல் வாசேதா பள்ளியின் யூகி சைத்தோ ஒரே போட்டியில் 948 பந்துகள் எறிந்தபோது நாடு அவருக்குச் செல்லப்பெயர் சூட்டி மகிழ்ந்தது.

அமெரிக்காவில் கணக்கு அதற்குள் திசைமாறிவிட்டது. 1974-ல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், டாமி ஜான் என்ற பிட்சரின் ஒரு கையிலிருந்து நாண் எடுத்து மறு கையின் முழங்கையில் கட்டினார். அந்தச் சிகிச்சைக்கு நோயாளியின் பெயரே நிலைத்தது. பிற்காலத்தில் பள்ளிப் பையன்களும் அதற்கு வரிசையில் நிற்க, அலபாமாவின் பர்மிங்காம் நகர ஆய்வாளர்கள் சிறுவர்களின் பந்துகளை எண்ணத் தொடங்கினார்கள். 2007-ல் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் இன்னிங்ஸ் கணக்கைக் கைவிட்டது. 11, 12 வயதுக்காரருக்கு நாளொன்றுக்கு 85 பந்துகள், எறிந்ததற்கேற்பக் கட்டாய ஓய்வு நாட்கள்.

ஜப்பானில் முதலில் துணிந்தது நீகாட்டா மாகாணம். 2019 வசந்தகாலப் போட்டியில் ஒரு பிட்சருக்கு ஓர் ஆட்டத்தில் 100 பந்துகள்தான் என்று அதன் பள்ளி பேஸ்பால் சங்கம் அறிவித்தது. மறுபரிசீலனை செய்யுங்கள் என்று தேசியக் கூட்டமைப்பு கேட்க, நீகாட்டா பின்வாங்கியது. கூட்டமைப்பின் தயக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. பணக்காரத் தனியார் பள்ளிகளிடம் நான்கைந்து பிட்சர்கள் இருப்பார்கள். ஒன்பது பேரைத் திரட்டவே திணறும் கிராமத்துப் பள்ளி என்ன செய்யும்? அதற்கு முந்தைய கோடையில்தான் அகிட்டாவின் கானாஆஷி வேளாண் பள்ளி, கோசெய் யோஷிடா என்ற ஒரே பிட்சரின் 881 பந்துகளை நம்பி இறுதியாட்டம் வரை வந்து ஊரை உருக்கியிருந்தது.

பிறகு 2019 ஜூலை. இவாத்தே மாகாண இறுதியாட்டத்தில் ஓஃபுனாட்டோ பள்ளி, மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் எறியக்கூடிய ரோகி சசாகியை உட்கார வைத்தது. நான்கு நாள் முன்பு 194 பந்துகள், முந்தைய நாள் 129. காயம் படக்கூடாது என்பதற்காக நானே முடிவெடுத்தேன் என்றார் பயிற்சியாளர். அணி 12–2 என்று தோற்றது, கோஷியென் கனவு போனது, பள்ளிக்குக் கண்டனத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன.

நவம்பரில் கூட்டமைப்பு இறங்கிவந்து, ஒரு பிட்சருக்கு ஒரு வாரத்தில் 500 பந்துகள் என்று வரம்பு வைத்தது. ஒரு நாளைக்கு இத்தனை என்ற வரம்பு இல்லை. ஒரே நாளில் 200 பந்துகள் எறியலாம், விதி கண்டுகொள்ளாது. பயிற்சியில் எறிவதும் கணக்கில் வராது. ஓட்டை நிறைந்த வரம்புதான். ஆனாலும் தங்கள் முதன்மைப் பிட்சருக்கு மாற்று தேடும்படி அது பயிற்சியாளர்களைத் தள்ளியது. தொடக்கப்பள்ளிச் சிறுவர்களின் ரப்பர் பந்து பேஸ்பாலை நடத்தும் சங்கம் இதைவிடக் கறாராக இருந்தது: அதே 2019-ல் தன் தேசியப் போட்டியில் ஒரு நாளைக்கு 70 பந்துகள் என்று முடித்துவிட்டது.

சசாகி தொழில்முறை அணியான சிபா லோட்டேவில் சேர்ந்தார். 2022 ஏப்ரல் 10 அன்று ஒருவரைக்கூடத் தளத்தை அடையவிடாமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். ஒரு வாரம் கழித்து எட்டு இன்னிங்ஸ் வரை மீண்டும் அதே நிலை. 102 பந்துகள் ஆனதும் அணி அவரை வெளியே அழைத்துக்கொண்டது. லோட்டே அந்த ஆட்டத்தில் 1–0 என்று தோற்றது.