பந்துக் குளத்துக்கு முன்னால ஒரு ஏரி இருந்தது

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து, படிப்பதற்காக லேசாகத் திருத்தப்பட்டது.)

போன மாசம் அக்கா பொண்ணைக் கூட்டிக்கிட்டு அடையாறுல ஒரு சாஃப்ட் ப்ளே இடத்துக்குப் போயிருந்தேன். அவளுக்கு மூணு வயசு. வாசல்ல கேட்ட முதல் கேள்வி, "க்ரிப் சாக்ஸ் இருக்கா சார்?" இல்ல. அங்கேயே வாங்கினோம். கையில ஒரு பட்டை கட்டி, நேரத்தைக் குறிச்சுக்கிட்டாங்க. ஒரு மணி நேரம். உள்ள ஏசி, மெத்தை விரிச்ச தரை, வலை ஏணி, சறுக்கு மரம், மூலையில கலர் கலரா பந்துக் குளம். அவ குதிச்ச குதியைப் பார்க்கணுமே! "டைம் முடியப் போகுது பாப்பா"ன்னு சொன்னதும் அழுத அழுகையையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். அது ஒரு பழைய பங்களா. முன்னாடி ஒரு மாமரம், அதுக்குக் கீழே டூவீலர் பார்க்கிங். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு காலத்துல அந்த மரத்தடியிலதான் விளையாடியிருக்கணும். டிக்கெட் இல்லாம, சாக்ஸ் இல்லாம. அந்த மரத்தடியில இருந்து விளையாட்டு எப்படி ஏசி அறைக்குள்ள போச்சு? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

கதையை தி.நகர்ல ஆரம்பிக்கலாம். 1920கள் வரைக்கும் அங்கே ஊரே கிடையாது, ஏரிதான் இருந்தது. வெள்ளைக்காரங்க 'லாங் டேங்க்'னு சொன்ன நீளமான ஏரி. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு இன்னும் ஒரு தெரு இருக்கே, அங்க இருந்து பார்த்தா எந்த லேக் தெரியுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? அந்த ஏரிதான். 1923 வாக்கில் அதை வற்ற வைத்து, நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் ஒரு புது நகரைத் திட்டமிட்டார்கள். பேர் தியாகராய நகர், பிட்டி தியாகராயர் நினைவாக. நடுவில் ஒரு பூங்கா, அதைச் சுற்றிச் சாலைகள். அந்தப் பூங்காவுக்குப் பேர் அப்போதைய முதல் மந்திரி பனகல் ராஜாவோடது. வெங்கட்நாராயணா ரோட்ல இருக்கிற நடேசன் பார்க் இன்னொரு நீதிக்கட்சித் தலைவர் டாக்டர் நடேச முதலியார் பேர்ல. அதாவது மனைகளைப் பிரிச்ச போதே, பூங்காவும் ஊரோட ஒரு உறுப்புன்னு நினைச்சிருக்காங்க.

மயிலாப்பூர் கதை வேற. அது திட்டம் போட்டுக் கட்டின ஊர் இல்ல. மாட வீதிகள்ல திண்ணை, முற்றம், கொல்லை. தாயம், பல்லாங்குழி எல்லாம் திண்ணையில. பாண்டி ஆட்டம் தெருவுல. பங்குனித் திருவிழாவுக்குக் கையால சுத்துற ராட்டினம் வரும், சொப்பு சாமான் கடை வரும். பார்க்குன்னா லஸ்ல நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பேர்ல உள்ள பூங்கா. இது எல்லாத்தையும் விட்டா கல்யாண மண்டபம். சிரிக்காதீங்க. இந்த ஊரோட முதல் இன்டோர் ப்ளே ஏரியா அதுதான்னு நான் சத்தியம் பண்ணுவேன். முகூர்த்தம் முடிஞ்சதும் ஜமக்காளத்தைச் சுருட்டிட்டா, மொசைக் தரையில முட்டி தேய வழுக்கி விளையாடாத சென்னைக் குழந்தை யாரு?

அப்புறம் ஃபிளாட் வந்தது. இங்கே ஒரு சின்னக் கணக்கு பார்க்கணும், ஏன்னா விஷயம் முழுக்க இந்தக் கணக்குலதான் இருக்கு. நம்ம ஊர்ல நிலத்தை கிரவுண்ட்லதான் அளப்போம். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, கிட்டத்தட்ட 223 சதுர மீட்டர். சிஎம்டிஏ விதிப்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேல உள்ள மனையில கட்டினா பத்து சதவீத இடத்தைப் பொதுத் திறந்தவெளிக்காக ஒதுக்கணும். அதுவும் 10,000 சதுர மீட்டர் வரைக்கும், நிலத்துக்குப் பதிலா அதோட மதிப்பைப் பணமா கட்டிடலாம். சரி, 3,000 சதுர மீட்டர்னா எத்தனை கிரவுண்ட்? பதிமூணரை. தி.நகர்லயும் மயிலாப்பூர்லயும் அடையாறுலயும் இடிச்சுக் கட்டின வீடுகள் எத்தனை கிரவுண்ட்? ரெண்டு, மூணு, மிஞ்சிப் போனா அஞ்சு. ஆக, ஒரு குடும்பம் இருந்த மனையில எட்டுக் குடும்பம் வந்தது, பன்னிரண்டு குடும்பம் வந்தது. ஆனா விதி ஒரு அடி திறந்தவெளியும் கேட்கல. யாரும் ஏமாத்தல, எல்லாம் சட்டப்படிதான். கொல்லை ஃபிளாட் ஆச்சு, தரைத்தளம் கார் பார்க்கிங் ஆச்சு, அங்க பந்து விளையாடினா செக்ரெட்டரி மாமா கீழே இறங்கி வந்தார். தெருவும் அதே நேரத்துல வண்டிகளுக்குப் போயிடுச்சு.

இப்போ கொஞ்சம் டொரான்டோ வரைக்கும் போயிட்டு வரலாம், ஏன்னா அந்த மெத்தைத் தரையும் வலை ஏணியும் அங்கதான் உருவாச்சு. 1971ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு, ஏரிக்கரையில் ஒன்டாரியோ பிளேஸ் என்கிற பொழுதுபோக்கு இடத்தைத் திறந்தது. அடுத்த வருஷம் அதுக்குள்ள சில்ட்ரன்ஸ் வில்லேஜ். வடிவமைச்சவர் எரிக் மெக்மில்லன். இங்கிலாந்தில் பிறந்தவர். குத்துச்சண்டைப் பைகளைத் தொங்கவிட்டு ஒரு காடு, ஃபோம் நிரப்பின ஒரு சதுப்பு நிலம், ஏறி விழ வலைகள். விழுந்தா வலிக்கக் கூடாது, ஆனா விழணும். இதுதான் அவரோட யோசனை. சாஃப்ட் ப்ளேயோட தந்தைன்னு அவரைத்தான் சொல்றாங்க. பந்துக் குளமும் அவர் யோசனைதான். சமையலறையில் இருந்த வெங்காய ஊறுகாய் ஜாடியைப் பார்த்துத் தோணினதா ஒரு கதை உண்டு. ரசமான கதை, உண்மையோ இல்லையோ.

கவனிக்க வேண்டியது என்னன்னா, சாஃப்ட் ப்ளே பிறந்தது ஏசி அறையில இல்ல. திறந்தவெளியில, அரசாங்க இடத்துல. அதை நாலு சுவருக்குள்ள கொண்டு வந்து வியாபாரமா மாத்தினது பின்னாடி வந்தவங்க. அமெரிக்காவுல 1989ல டிஸ்கவரி ஸோன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, மளமளன்னு நாடு முழுக்கக் கிளை திறந்து, 1996ல திவால் ஆச்சு. கம்பெனி போச்சு, காசு வாங்கிக்கிட்டு விளையாட்டை விக்கிற முறை நிலைச்சுடுச்சு.

சென்னைக்கு அது மால் வழியா வந்தது. 2006ல் ராதாகிருஷ்ணன் சாலையில் சிட்டி சென்டர், 2010ல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013ல் வேளச்சேரியில் பீனிக்ஸ். அப்பா அம்மா ஷாப்பிங் போக, குழந்தைக்கு ஒரு மாடி. அதுக்கப்புறம்தான் அடையாறு, ஆழ்வார்பேட்டை பக்கம் பழைய பங்களாக்கள்ல தனி இடங்கள். கூடவே ஒரு கஃபே, பிறந்தநாள் பார்ட்டி ஹால். ஏரியை வத்த வெச்சு ஊர் கட்டினோம். இப்போ அதே ஊர்ல பிளாஸ்டிக் பந்துல குளம் கட்டி டிக்கெட் போடுறோம்.

அங்கே போற பெற்றோரை நான் கிண்டல் பண்ணல. மே மாசம் அக்னி நட்சத்திரத்துல பார்க் சறுக்கு மரத்துல கை வெச்சுப் பாருங்க, புரியும். நவம்பர்ல மழை. மூணு வயசுக் குழந்தைக்குத் தேவையானது ஓடுறது, ஏறுறது, விழுறது. அதுக்கு வீட்டுக்குள்ள இடம் இல்லன்னா என்ன பண்றது?

ஆனா ரெண்டு விஷயம் என்னை உறுத்துது. முதல் விஷயம், அன்னைக்கு அங்கே பெஞ்சுல ஒரு ஆயாம்மா உட்கார்ந்திருந்தாங்க. அவங்க பார்த்துக்கிற குழந்தை உள்ள. "உங்க வீட்டுல குட்டிங்க இருக்காங்களா?"ன்னு கேட்டேன். நாலு வயசுப் பேத்தியாம். கூட்டிட்டு வந்ததில்லையாம். "அவளுக்கு எதுக்கும்மா டிக்கெட், மாடிப்படியே போதும்"னு பக்கத்துல இருந்த அக்காகிட்டச் சொல்லிச் சிரிச்சாங்க. அக்கா சிரிக்கல.

ரெண்டாவது, 2024 மே 25. குஜராத் ராஜ்கோட்ல டிஆர்பி கேம் ஸோன் தீ விபத்து. 27 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. தீயணைப்புத் துறையோட தடையின்மைச் சான்றே இல்லாம நடந்துக்கிட்டிருந்த இடம். கும்பகோணம் 2004, 94 குழந்தைகள்: அதைப் பார்த்த மாநிலம் நாம. ஃபோம், பிளாஸ்டிக், துணி, மூடின ஜன்னல், ஒரு வாசல். வீட்டுக்காகக் கட்டின பங்களாவுல இதெல்லாம் சேரும்போது, ரெண்டாவது வாசல் எங்கேன்னு கவுன்ட்டர்ல கேக்கறது மரியாதைக் குறைவு இல்ல. நான் அன்னைக்குக் கேக்கல. சாக்ஸ் விலையைத்தான் கேட்டேன்.

பூங்காக்கள் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. பனகல் பார்க்ல ஒரு பகுதியை, கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி மெட்ரோ வழித்தடத்தோட சுரங்க நிலையத்துக்காக எடுத்துக்கிட்டாங்க. பாண்டி பஜார்ல 2019 நவம்பர்ல நடைபாதை வளாகம் திறந்தாங்க. சாயங்காலம் போய்ப் பாருங்க, கடைக்கு வந்த குழந்தைங்க அந்த அகல நடைபாதையை ஓடுற இடமா மாத்திட்டாங்க. சாந்தோம்ல மாநகராட்சி ஒரு பூங்கா கட்டியிருக்கு. சக்கர நாற்காலியில வர்ற குழந்தையும் மத்த குழந்தைகளும் சேர்ந்து விளையாடுற மாதிரி. மெக்மில்லனோட யோசனைக்கு நம்ம ஊர்ல நெருங்கின சொந்தம் அந்த ஏசி அறை இல்ல, இந்த சாந்தோம் பார்க்தான்னு எனக்குத் தோணுது. அந்த மாதிரி இன்னும் நாலு கட்ட நிலம் எங்கேன்னு கேட்டா, மறுபடி அந்தப் பதிமூணரை கிரவுண்ட் கணக்குக்குத்தான் வரணும்.

சரி, நீங்க சொல்லுங்க. சின்ன வயசுல எங்க விளையாடினீங்க, அந்த இடத்துல இப்போ என்ன இருக்கு? ஒரு நிமிஷத்துக்குள்ள வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சிலதைப் போடுறோம். கல்யாண மண்டபம்னு சொல்றவங்களுக்கு முன்னுரிமை.