அனுமதி கேட்டு முழங்கிய மேளம்

கோல சிலாங்கூரிலிருந்து உள்நாட்டை நோக்கிச் செல்லும் சாலையில், பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றப்பெற்ற பின்னும் பழைய ஜனங்களின் வாயில் பத்தாங் பெர்ஜுந்தையாகவே வழங்கிவரும் சிற்றூரை அடுத்துத் தென்னமரம் என்றொரு தோட்டம் இருக்கிறது. மலாய் மண்ணில், ஆங்கிலேயர் ஆட்சியில், பிரெஞ்சுக்காரர் ஒருவர் நிர்வகித்த தோட்டத்துக்கு இப்படி ஒரு தமிழ்ப் பெயர் வாய்த்தது விநோதந்தான். ஆன்றி ஃபோக்கோனியே என்ற அந்தத் துரை 1917-இல் அங்கே செம்பனையை நட்டார். இந்நாட்டில் வியாபார நோக்குடன் நடப்பெற்ற முதல் செம்பனை அதுவே என்பது பிரசித்தி. பின்னாளில் அவர் மலாயா வாழ்க்கையைப் பற்றி எழுதிய நாவல் 1930-ஆம் ஆண்டில் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றுவிட்டது. ஆக, மரத்தின் சரித்திரமும் துரையின் சரித்திரமும் புத்தகத்தில் ஏறிவிட்டன. அந்த மரங்களுக்கிடையே பகலெல்லாம் உழைத்து, அந்தி மயங்கிய பின் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் தீ மூட்டித் தோலைக் காய்ச்சி, மேளம் கட்டி அடித்த மனிதர்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியவர்கள் மிகச் சிலரே.

மேல்நாட்டு ராக் இசைக் குழுக்களின் உள்விவகாரங்களைச் சுவையாக எழுதும் பத்திரிகைகள் நம் காலத்தில் மலிந்து கிடக்கின்றன. யார் யாரோடு பிணங்கினார், எந்தக் கித்தார் யாரிடம் இரவல் வாங்கியது, எந்தப் பாட்டை வானொலிக்காரர் தள்ளினார் என்பவற்றையெல்லாம் நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுமி மேளக்காரர்களின் நினைவுதான் வருகிறது. எந்த வித்துவானிடமும் பாடம் கேளாதவர்கள், ஊரின் மரியாதைப்பட்ட பேர்களால் முகம் சுளிக்கப்பட்டவர்கள், கைக்காசைப் போட்டு வாத்தியம் வாங்கியவர்கள், தங்களுக்குள் ஓயாமல் சண்டையிட்டுப் பிரிந்து புதுப் பெயரில் மறுபடி கூடியவர்கள் என்று பார்த்தால், ராக் குழுவின் லட்சணம் ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரு வித்தியாசம் மாத்திரம் உண்டு. இவர்கள் ஒவ்வொரு காலத்திலும் யாரேனும் ஒருவரிடம் அனுமதி கேட்டே வாசிக்க வேண்டியிருந்தது.

மேளம் இந்நாட்டுக்கு வந்த வழி கப்பல் வழி. திருச்சி, சேலம், தஞ்சை, வட ஆற்காடு முதலான ஜில்லாக்களிலிருந்து கங்காணிமார் திரட்டிக்கொண்டு வந்த ஜனங்கள், நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். 1938-இல் இந்திய சர்க்கார் தடை விதிக்கும் வரையில் இவ்விதம் ஆள் திரட்டுவது நடந்தது. மூட்டையில் வந்த பண்டங்கள் கொஞ்சம், மனத்தில் வந்த தாளங்களே அதிகம். தப்பு, பம்பை, உறுமி, தவில் என்ற இவற்றின் சொல்லும் அடியும் அவரவர் ஊர்ப்பக்கத்து வழக்கத்தோடு வந்து, ஒரே லயத்தில் நாலு ஜில்லாவும் குடியேறியபடியால், ஒன்றோடொன்று கலந்து போயின. தமிழ்நாட்டில் கம்பளத்து நாயக்கர் முதலிய சில சமூகத்தாருக்கே விசேஷமாயிருந்த உறுமி, இங்கே எல்லாருக்கும் பொதுவாயிற்று. இலங்கை மலையகத்தில் விடியுமுன் தப்படித்து ஜனங்களைப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆஜருக்கு, எழுப்பும் சம்பிரதாயம் இருந்தது. அங்கே மேளத்தையே வேலை வாங்கும் கருவியாக்கிவிட்டார்கள். இங்கே அந்தக் காரியத்துக்கு மணி வந்துவிட்டது. மேளம் கோயிலுக்கும் சாவுக்கும் கலியாணத்துக்கும் மிஞ்சியது நம்முடைய பாக்கியம் என்றே நான் நினைப்பதுண்டு.

உறுமியைக் கிட்டத்தில் பாராதவர்களுக்கு அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். உடுக்கையைப் போல இடை சிறுத்து இருபுறமும் தோல் போர்த்திய வாத்தியம் அது, உருவத்தில் மாத்திரம் உடுக்கையைவிடப் பெரிது. ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். மற்ற முகத்தை அடிப்பதில்லை. வளைந்த கோல் ஒன்றினால் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் பசு ஈனும்போது முனகுவது போன்ற ஓர் ஆழ்ந்த ஓசை பிறக்கிறது. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றில், நான் சிறுவனாயிருந்தபோது, ஆடித் திருவிழாவின் முன்னிரவில் உறுமி மேளக் குழுவினரின் அருகே உட்கார்ந்திருக்கிறேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரக் காற்றில் தோல் தளர்ந்து, அடித்தால் 'தொப்'பென்று செத்த ஓசை எழுந்தது. தேங்காய் மட்டையைக் கொளுத்தி, மேளங்களைச் சுற்றி வைத்து, முகத்தை விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். "அவசரப்படாதீங்கடா தம்பிகளா, தோலு பேசணும், நாம பேசக்கூடாது" என்றார் அவர். காய்ச்சல் மிஞ்சினால் தோல் கிழியும், குறைந்தால் ஊமையாகும். கடைசியில் அவர் தேய்க்கும் முகத்தில் விளக்கெண்ணெயைத் தடவி, கோலை ஒரு தரம் இழுத்தார். பூசாரி இன்னும் கற்பூரம் ஏற்றவில்லை, வேப்பிலை கட்டவில்லை. எதிர்வரிசைத் திண்ணையில் இருந்த கிழவி ஒருத்தி மருள் வந்து ஆடத் தொடங்கிவிட்டாள்.

பயிற்சிக்கு நேரம் கிடைப்பதே பெரும்பாடு. பால் மரம் வெட்டுகிறவன் இருட்டோடு எழுந்து பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். உளியும் வாளியுமாக நிரை பிடித்து வெட்டி, மங்கில் வடிந்த பாலைத் திரட்டி, தோள்கம்பான காண்டாவில் சுமந்து ஸ்டோரில் அளந்து கொடுத்துவிட்டு வீடு திரும்பப் பகல் சாய்ந்துவிடும். விடாமழை பிடித்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. கையில் நேரம் கிடைக்கும் அந்த நாட்களில்தான் தோல் பேச மறுக்கும்! ஆகவே சாயங்காலத்துக்கும் இராத் தூக்கத்துக்கும் இடையே கிடைத்த இரண்டு மணி நேரமே கலைக்கு விதிக்கப்பட்ட காலம். அதிலும் பெரிய துரையின் பங்களா எட்டும் தூரத்தில் இருந்தால், தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம் சொல்லி, கிராணி துரையிடம் சொல்லி, உத்தரவு வந்த பிறகே திருவிழாவுக்குக்கூட மேளம் கிளம்பும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் இருந்த காலம் அது. 1941-இல் ஆர். எச். நாதன் முதலானோரின் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடுகூட, சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பனவும் கோரிக்கைகளாக இருந்தன என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

கள்ளுக்கடையைப் பற்றிய பேச்சு மேளக்காரர்களுக்குச் சற்றுச் சங்கடமானது. அடித்த கைக்குக் கூலி பாதி காசும் பாதி கள்ளுமாகக் கொடுபட்ட இடங்கள் உண்டு என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கள்ளைக் கொடுத்தவன் யோக்கியனாகவும் குடித்துவிட்டு அடித்தவன் போக்கிரியாகவும் பெயர் வாங்கியது மாத்திரம் எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

பெரியார் 1929-ஆம் வருஷக் கடைசியில் மலாயாவுக்கு வந்து சென்ற பின்னர், சீர்திருத்தக் கருத்து தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் வழியாக லயங்களுக்குள்ளும் நுழைந்தது. காவடி, அலகு, சாமியாட்டம் இவையெல்லாம் அறியாமையின் சின்னங்கள் என்று கண்டித்தவர்கள், அவற்றுக்குத் துணைநின்ற மேளத்தையும் அதே கணக்கில் எழுதிவிட்டார்கள். ஆகமக் கோயில்காரர்களுக்கோ அது சாவு மேளம், தாழ்ந்தவன் மேளம். நாகஸ்வரம் ஒலிக்க வேண்டிய சந்நிதிக்கு ஒவ்வாதது. சாமி வேண்டாம் என்றவரும் சாமிக்குச் சுத்தம் வேண்டும் என்றவரும் எந்த விஷயத்திலும் ஒன்றுபட்டவர்கள் அல்லர். இந்த உறுமியை வெளியே நிறுத்தும் விஷயத்தில் மாத்திரம் ஒன்றுபட்டார்கள். அப்புறம் 1948-இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் பிரகடனமாயிற்று. சிதறிக் கிடந்த லயங்களைப் பல தோட்டங்களில் ஒன்றுகூட்டி முள்வேலிக்குள் அடைத்தார்கள். ஊரடங்கு அமலில் இருந்த இடத்தில் இரவுத் திருவிழா ஏது, மேளம் ஏது? பன்னிரண்டு வருஷம் நீடித்த அந்தக் காலத்தில் தோட்டத்து ஜனங்களுக்குக் கேட்கக் கிடைத்த சங்கீதத்தில் பெரும்பங்கு வானொலிப் பெட்டியில் வந்ததுதான்.

1960-களில் கித்தார் வந்தது. பீட்டில்ஸின் மோகம் இந்நாட்டையும் பிடித்தாட்டியபோது மலாய் இளைஞர்கள் தங்கள் குழுக்களுக்குக் 'குகிரான்' என்று பெயரிட்டார்கள். 'விறுவிறுப்பான கித்தார்க் குழு' என்ற பொருளுடைய மூன்று மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. பினாங்கில் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் 1969-இல் தொடங்கிய அல்லிகேட்ஸ் குழு, ஹாங்காங் வரை சென்று வாசித்துத் திரும்பி, பம்பைத் தலைமுடியும் இனிய குரலுமாக நாடு முழுவதும் புகழ் பெற்றது. 2007-இல் லோகநாதன் காலமானபோது எல்லா இனத்தாரும் துக்கப்பட்டார்கள். ஆனால் அவர்களுடைய புகழ்பெற்ற பாடல்கள் மலாய்ப் பாடல்கள். தமிழன் பாடகனாகலாம், அவன் பாஷை சபை ஏறுவது வேறு விஷயம் என்பதை அந்தப் புகழே ஒருவாறு காட்டிற்று. ராக் பாடகர்களுக்கும் இங்கே அனுமதித் தொல்லை இல்லாமலில்லை. 1992-இல் நீண்ட தலைமுடிக்காரர்கள் அரசாங்கத் தொலைக்காட்சியில் தோன்றலாகாது என்று தகவல் அமைச்சர் உத்தரவிட, சர்ச், விங்ஸ் முதலிய குழுக்களின் பிரபல பாடகர்கள் முடியை வெட்டிக்கொண்டார்கள். அச்செய்தியைப் படித்த தோட்டத்து மேளக்காரர் ஒருவர், "அவங்களுக்கு முடிய மட்டுந்தானே வெட்டச் சொன்னாங்க" என்று சிரித்தாராம்.

தோட்டத்தில் உறுமி மறுபடி தலையெடுத்தது ராக் குழுக்களின் இந்தக் காலத்தில்தான். காளி, முனி, மதுரை வீரன் என்று காவல் தெய்வங்களின் பெயரைச் சூட்டிக்கொண்டு, ஒரே நிறச் சட்டையில் பெயரை அச்சடித்துக்கொண்டு, கேசட்டிலும் பிறகு குறுந்தட்டிலும் பாட்டைப் பதிந்து இளைஞர் குழுக்கள் புறப்பட்டன. 1890-களிலிருந்து பத்துமலையில் நடந்துவரும் தைப்பூசத்துக்கு ரவாங் வழியாக வேனிலும் லாரியிலும் வந்திறங்கிய வட சிலாங்கூர்ப் பிள்ளைகள், காவடிக்கு முன்னே நின்று அடித்த அடியில் சினிமா மெட்டும் கலந்திருந்தது உண்மை. அதைக் கண்டித்து அறிக்கைகள் வந்ததும் உண்மை. பக்திப் பாட்டே பாட வேண்டும், இன்ன மணிக்குமேல் அடிக்கக்கூடாது, இன்ன வாத்தியம் கூடாது என்று நிபந்தனைகள் பெருகின. கட்டுப்பாடு வேண்டாம் என்பதல்ல என் கட்சி. ஒன்றை மாத்திரம் கேட்கிறேன்: நாகஸ்வரத்தில் சினிமாப் பாட்டு வாசித்தவரைக் கலியாண வீட்டில் கைதட்டி ரசித்த நாம், உறுமியில் அதையே கேட்டவுடன் கலாசாரம் கெட்டது என்று கூவியது எதனால்? 2006-இல் நம் நாட்டு ராப் கலைஞர்களான யோகி பி-யும் நட்சத்திராவும் 'வல்லவன்' இசைத்தொகுப்பில் இளையராஜாவின் பழைய பாட்டை ராப் நடையில் எடுத்தாண்டபோது சென்னைக்காரர்களே பாராட்டினார்கள். அதன்பின் நம்மவரும் பாராட்டினார்கள்.

மேளக்காரனுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்த துரையும் போய், அவனுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்த தோட்டமும் இப்போது போய்விட்டது. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், செம்பனையை வெட்டி வீடு கட்டுகிறார்கள். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த கதையை நாளிதழ் படிக்கும் எவரும் அறிவர். லயத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போனவனுக்கு, தேங்காய் மட்டை கொளுத்த முற்றம் இல்லை. எட்டாம் மாடியில் உறுமியைத் தேய்த்தால் ஏழாம் மாடிக்காரர் போலீசுக்குச் சொல்வார். அவர்மேல் குற்றமும் சொல்வதற்கில்லை. செம்பனைக் காட்டின் ஓரத்திலும் பழைய தோட்டக் கோயிலின் பின்புறத்திலும் காரை நிறுத்திக்கொண்டு, சனிக்கிழமை இரவுகளில் பிள்ளைகள் இன்றும் பழகுகிறார்கள்.

என் சிறுவயதில் தோலைப் பேசவைத்த அந்தப் பெரியவரின் அடியை யாரும் பதிவு செய்யவில்லை. அவருடைய பெயர்கூட எனக்கு அரைகுறையாகவே ஞாபகமிருக்கிறது. கோல சிலாங்கூர், ஈஜோக், ரவாங் பக்கத்து வாசகர்கள் வீட்டில் பழைய திருவிழாக் கேசட்டோ, மேளத்தோடு நின்று எடுத்த படமோ இருக்குமானால், அதைக் குப்பையில் போட்டுவிடாமல், முதலில் ஒரு பேனாவை எடுத்து, அடித்தவர்கள் யார், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று அதன்மேல் எழுதி வையுங்கள்.