பொக்கொத்தோலா நிலத்து வீடுகள்: திருச்சபைத் தொண்டர் வீடமைப்பின் தோற்றமும் திரிபும்

மத்திய ஆபிரிக்காவிலே, கொங்கோ ஆறும் ருக்கி ஆறும் கூடுமிடத்தில், மத்தியகோட்டை ஒட்டி அமைந்துள்ள நகரம் ம்பண்டாக்கா. பெல்ஜியர் ஆட்சிக்காலத்தில் கொக்கிலாவில் என வழங்கப்பட்ட இந்நகரின் நடுவே ஓர் அகன்ற வெற்றுநிலம் நெடுங்காலம் கிடந்தது. வெள்ளையர் குடியிருப்பையும் ஆபிரிக்கர் குடியிருப்பையும் பிரித்து வைத்தலே அந்நிலத்தின் பயன். ஐரோப்பியர் ஆட்சிக்குட்பட்ட ஆபிரிக்க நகரங்கள் பலவற்றில் இத்தகைய இடைநிலங்கள் விடப்பட்டிருந்தன. மலேரியா நுளம்பு ஆபிரிக்கர் வீடுகளிலிருந்து ஐரோப்பியர் வீடுகளுக்குப் பறந்து சேராதிருத்தற்கு இவை வேண்டும் என்பது அக்காலச் சுகாதார அதிகாரிகள் கூறிய நியாயம். நுளம்பைத் தடுத்தனவோ இல்லையோ, மனிதரை அவை தடுத்தன. ம்பண்டாக்கா நிலத்துக்குப் பொக்கொத்தோலா என்ற பெயர் வழங்கிற்று. பிறரை நேசிக்காதவன் என்பது அப்பெயரின் பொருள்.

1973ஆம் ஆண்டின் பின்னர் இதே நிலத்தில் சீமெந்துக் கல் வீடுகள் எழத் தொடங்கின. அவற்றைக் கட்டுவித்தது ஒரு திருச்சபை. முன்னின்று உழைத்தவருள் ஓர் அமெரிக்கக் குடும்பமும் இருந்தது. வசதி படைத்த நாடுகளின் சபையினர் கடல் கடந்து சென்று ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கம் பின்வந்த பத்தாண்டுகளில் பெரிதும் பரவியது. கோடை விடுமுறையில் இரண்டு வாரம் சென்று கல் அடுக்கித் திரும்பும் குழுக்கள் இன்று எண்ணிறந்தன. இக்குழுக்களைப் பாராட்டுவோரும் பழிப்போரும் பலர். ஆயின் இவ்வழக்கம் பரவுதற்கு வழிவகுத்த இயக்கத்தில் வெளிநாட்டுத் தொண்டனின் உடலுழைப்பு முதன்மையான கூறாக இருந்ததா என்ற வினா போதிய கவனத்தைப் பெறவில்லை. வரலாற்றை நோக்கின் அது முதன்மையானதாக இருக்கவில்லை என்றே கொள்ளவேண்டியுள்ளது.

இவ்வியக்கத்தின் வேரைத் தேடுவோர் ம்பண்டாக்காவை விட்டு, ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதிக்குச் செல்லுதல் வேண்டும். ஜோர்ஜியா மாநிலத்தின் தென்மேற்கே, அமெரிக்கஸ் என்னும் சிறு நகரின் அருகில், 1942ஆம் ஆண்டு கிளாரன்ஸ் ஜோர்டன், மார்ட்டின் இங்கிலண்ட் ஆகிய இரு பப்டிஸ்த போதகர் தத்தம் மனைவியருடன் ஒரு பண்ணையை நிறுவினர். கொய்னோனியா என்று அதற்குப் பெயரிட்டனர். ஒருமித்த வாழ்வு, தோழமை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அது. ஜோர்டன் விவசாயமும் படித்தவர், புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றவர். இவ்விரு கல்வியும் ஒருவரிடம் சேர்ந்தமை இவ்வரலாற்றில் முக்கியமானது. வேதத்தைப் பிரசங்க மேடையிற் படிப்பதோடு அமையாது, மண்ணிலும் கூலியிலும் சாப்பாட்டு மேசையிலும் வைத்துப் படித்தவர் அவர். பண்ணையில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒரே கூலி. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டனர். அக்கால ஜோர்ஜியாவில் இதுவே பெருங்குற்றம். 1950ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சபை கொய்னோனியாவினரைத் தன் உறுப்புரிமையிலிருந்து நீக்கியது.

பாடசாலைகளில் இனப்பிரிவினை சட்டவிரோதமானது என ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபின் பகைமை முற்றியது. 1956இல் கறுப்பின மாணவர் இருவர் அத்லாந்தாவிலிருந்த அரச கல்லூரியொன்றில் அனுமதி பெற முயன்றபோது ஜோர்டன் அவர்களுக்குத் துணைநின்றார். அதன் பின்னர் பண்ணையின் தெருவோரக் கடை குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. வீடுகளை நோக்கித் துப்பாக்கிகள் வெடித்தன. ஊர் வணிகர் பண்ணைக்கு எதனையும் விற்க மறுத்தனர். பண்ணையின் விளைபொருளை வாங்கவும் மறுத்தனர். பீக்கான் கொட்டைகளைத் தபால்மூலம் தூர இடங்களுக்கு விற்றே பண்ணை பிழைத்தது. ஒரு வெள்ளையர் கறுப்பரோடு சேர்ந்து களை பிடுங்குதல் அங்கே வெறும் விவசாய வேலை அன்று. இப்பின்னணியை மறந்து பிற்கால வீடமைப்பை விளங்கிக்கொள்ள முயல்வோர் செங்கல்லையும் சுத்தியலையும் மட்டுமே காண்பர்.

இப்பண்ணைக்கு 1965ஆம் ஆண்டின் இறுதியில் வந்து சேர்ந்தவர் மில்லர்ட் ஃபுல்லர். அலபாமாவைச் சேர்ந்த சட்டத்தரணி. தபால்வழி விற்பனையால் முப்பது வயதை எட்டுமுன்பே பத்து இலட்சம் டொலருக்கு அதிபதியானவர். மனைவி லின்டா தம்மை விட்டுப் பிரியும் நிலை வந்தபோது, மணவாழ்வைக் காக்கும் பொருட்டு இருவருமாகச் சொத்தனைத்தையும் விற்றுப் பிறர்க்கு ஈந்தனர். ஜோர்டனும் ஃபுல்லரும் 1968இல் சேர்ந்து வகுத்த திட்டமே பின்வந்த அனைத்துக்கும் அடிப்படை. ஏழைக்குத் தேவையானது தருமம் அன்று, மூலதனமே. மேலிருந்து மேற்பார்வை செய்வோரும் அல்லர், உடன் உழைப்போரே. இதுவே ஜோர்டனின் துணிபு. இதற்கென ஒரு நிதியம் ஏற்படுத்தப்பட்டது. நன்கொடையாகவும் வட்டியில்லாக் கடனாகவும் அதிற் பணம் சேரும். அப்பணத்தைக் கொண்டு இலாபமின்றி வீடு கட்டப்படும். வீட்டைப் பெறும் குடும்பம் இருபது ஆண்டுகளில் வட்டியின்றி அதன் விலையைச் செலுத்தும். திரும்பி வரும் பணம் அடுத்த வீட்டுக்குச் செல்லும்.

வட்டியை ஒழித்தமையே இத்திட்டத்தின் உயிர்நிலை. ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்கலாகாது என்ற விதி யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் உள்ளது. கிறிஸ்தவ உலகம் பல நூற்றாண்டுகளாக அதற்கு விளக்கங்கள் கூறித் தப்பி வந்துள்ளது. பண்ணையார் அதை எழுத்துப்படி எடுத்துக்கொண்டனர். முதல் வீட்டைப் பெற்றது வர்ணம் பூசாத, குழாய்நீரும் இல்லாத குடிலில் வாழ்ந்த ஒரு கறுப்பினக் குடும்பம். மாதம் 25 டொலர் வீதம் இருபது ஆண்டுகள் அவர்கள் செலுத்த வேண்டியிருந்தது. கூட்டினால் 6,000 டொலர். அதே தொகையை நூற்றுக்கு எட்டு வட்டிக்கு வங்கியொன்றிற் பெற்றிருப்பின் மாதத் தவணை 50 டொலராகியிருக்கும். இருபது ஆண்டில் ஒரு வீட்டுக்கு இரு வீட்டின் விலையைக் கொடுத்திருப்பர். அத்தகைய குடும்பத்துக்கு வங்கி கடன் கொடுத்திருக்குமா என்பது வேறு கேள்வி. அவ்வீடு முற்றுப்பெறுவதைக் காணாமலே 1969ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஜோர்டன் காலமானார்.

ஜோர்ஜியாவில் உருவான இம்முறை பிறிதொரு நாட்டிலும் பயன்படுமா என்று அறியவே 1973இல் ஃபுல்லர் குடும்பம் அன்று ஸயர் என வழங்கிய கொங்கோவுக்குச் சென்றது. ‘கிறிஸ்துவின் சீடர்கள்’ என்னும் அமெரிக்கத் திருச்சபை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ம்பண்டாக்காப் பகுதியில் பணியாற்றி வந்தது. அதன்வழி எழுந்த உள்ளூர்ச் சபையே ஃபுல்லரை வரவேற்றது. அவர் அங்கே சென்றது தம் கையாற் சுவர் எழுப்புவதற்காக மட்டுமன்று. சபை நடத்திவந்த, நலிந்திருந்த சீமெந்துக்கல் உற்பத்தியைத் திருத்தி நடத்துதலும், நிலம் பெறுதலும், கணக்கு வைத்தலும் அவருக்கு வாய்த்த பணிகள். சட்டமும் வணிகமும் கற்றவருக்கு இவை பொருத்தமானவையே.

காலமோ சாதகமானதன்று. 1973 நவம்பரில் மொபுட்டு வெளிநாட்டார் வணிகங்களையும் தோட்டங்களையும் ஸயர் நாட்டவர்க்கு மாற்றும் ஆணையைப் பிறப்பித்தார். அவற்றிற் பெரும்பகுதி ஆட்சியாளருக்கு வேண்டியவர் கையிற் சேர்ந்தது. வணிகம் நிலைகுலைந்தது. அடுத்த ஆண்டிலிருந்து செம்பின் விலையும் வீழ்ந்தது. பொருட்தட்டுப்பாடு நாடெங்கும் பரவிய அந்த ஆண்டுகளிலே, பொக்கொத்தோலாவில் 114 வீடுகளுக்கான திட்டம் தொடங்கியது. வீட்டைப் பெறும் குடும்பங்கள் விலை செலுத்தின. கட்டும் வேலையிலும் பங்குகொண்டன. 1976இல் அந்நிலத்தின் பெயர் மாற்றப்பட்டது. மீண்டும் ஒன்றுசேர்தல், ஒப்புரவு என்னும் பொருள்தரும் லொசங்கானியா என்பது புதிய பெயர். இனத்தைப் பிரிப்பதற்கென வெறுமையாய் விடப்பட்ட மண்ணில் அடுப்பு எரிந்தது. குடியேற்ற ஆட்சி அகன்று பதினாறு ஆண்டுகளாகியும் அரசோ வணிகமோ அந்நிலத்தில் செய்யாத ஒன்றை ஒரு சிறு சபையின் கடன் நிதியம் செய்தது என்பது நோக்கற்பாலது.

அவ்வாண்டே ஃபுல்லர் குடும்பம் நாடு திரும்பிற்று. செப்டெம்பரில் கொய்னோனியாவிற் கூடிய ஒரு சிறு குழுவினர் ஹபிடாட் என இன்று உலகறிந்த அமைப்பைத் தோற்றுவித்தனர். அதன் வளர்ச்சிக் கதையை விரிக்க வேண்டியதில்லை. அமெரிக்கஸ் நகருக்கு அண்மையிலுள்ள பிளேன்ஸ் ஊரவரான முன்னாட் சனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1984இல் ஒரு தொண்டர் குழுவுடன் பேருந்தில் நியூயோர்க் சென்று, பாழடைந்த ஒரு மாடிக் கட்டிடத்தைத் திருத்தும் பணியில் தச்சுவேலை செய்தார். பத்திரிகைகள் அக்காட்சியை உலகெங்கும் கொண்டு சென்றன. நாட்டை ஆண்டவர் கையிற் சுத்தியல் இருப்பது எவரையும் கவரும் படம். வட்டியில்லாக் கடனுக்கு அத்தகைய படம் எடுக்க இயலாது. 2024 டிசெம்பரில் மறையும்வரை கார்ட்டரின் பெயர் அவ்வமைப்போடு பிணைந்தே இருந்தது. ஃபுல்லருக்கு அப்பேறு வாய்க்கவில்லை: 2005 சனவரியில் நிர்வாக சபை அவரைப் பதவி நீக்கியது, 2009இல் அவர் காலமானார். தாம் எழுதிய நூலொன்றுக்குச் ‘சுத்தியலின் இறையியல்’ என்று பெயரிட்டவர் அவரே. கோட்பாட்டில் முரண்படும் சபைகள் சுத்தியலிலேனும் ஒன்றுபடலாம் என்பது அவர் கருத்து. ஆயினும் சுத்தியல் முன்னிலைக்கு வர, கடன் நிதியம் பார்வையிலிருந்து மறைந்தது. ஹபிடாட்டுக்கு வெளியேயும் எத்தனையோ சபைக் குழுக்கள் கடல் கடந்து கட்டப் புறப்பட்டன. அவற்றுட் பல எடுத்துச் சென்றது சுத்தியலை மட்டுமே.

இத்திரிபின் விலை என்ன என்பது மத்திய அமெரிக்காவிலே கணக்கிடப்பட்டுள்ளது. 1998 ஒக்டோபர் இறுதியில் மிச் சூறாவளி ஹொண்டுராஸ் நாட்டைத் தாக்கியது. ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்நாட்டில் இறந்தனர். வீடிழந்தோர் மிகப் பலர். வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் வந்து வீடு கட்டின. அதே வகை வீடுகளை உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பும் உள்ளூர்த் தொழிலாளரைக் கொண்டு கட்டியது. ஹொண்டுராஸில் வாழ்ந்துவந்த சமூகவியலாளர் கேர்ட் வெர் பீக் இரு வகை வீடுகளிலும் குடியேறிய குடும்பங்களையும், வந்துபோன தொண்டர்களையும் ஆராய்ந்து 2006இல் தம் முடிவுகளை வெளியிட்டார். உள்ளூர் அமைப்பு ஒரு வீட்டை ஏறத்தாழ 2,000 டொலர் செலவிற் கட்டியது. வெளிநாட்டுக் குழுவொன்று வந்து ஒரு வீட்டைக் கட்டிச் செல்வதற்குப் பயணச் செலவு உட்பட ஏறத்தாழ 30,000 டொலர் செலவாயிற்று. அதாவது பதினைந்து குடும்பத்துக்குப் போதுமான பணம் ஒரு குடும்பத்துக்கு வீடாகியது. இரு வகை வீடுகளில் வாழ்ந்தோரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் அவர் காணவில்லை. வந்தவர்கள் தம் வாழ்வே மாறியதாகக் கூறினர். ஆயின் பின்னர் அவர்கள் அளித்த நன்கொடைக் கணக்கில் அம்மாற்றம் பெரிதாகத் தென்படவில்லை.

இவ்வெண்களைக் கொண்டு தொண்டர் அனைவரையும் உல்லாசப் பயணிகள் எனத் தள்ளிவிடுதல் எளிது, அது நியாயமன்று. ஜோர்ஜியாவில் ஒரு வெள்ளையர் கறுப்பருடைய வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபோது, அவரது உழைப்பின் கூலிப் பெறுமதி சிறிதே. அவர் மீறிய எல்லைதான் பெரிது. அதற்குரிய விலையை அயலாரின் பகைமையாலும் துப்பாக்கிக் குண்டாலும் அவர் கொடுத்தார். பொக்கொத்தோலாவிலும் அவ்வாறே: அங்கே எல்லை நிலமாகவே கிடந்தது. எல்லை எதுவும் மீறப்படாத இடத்தில், கட்டத் தெரிந்த கொத்தனார் வேலையின்றி நிற்கக் கட்டத் தெரியாத மாணவன் கல் அடுக்குவதை வேறு எவ்வாறு நியாயப்படுத்தலாம் என்பதே வினா. ஹொண்டுராஸ் கணக்கு அவ்வினாவையே எழுப்புகிறது.

இலங்கை வாசகருக்கும் இது தொலைவான செய்தி அன்று. ஹபிடாட் இந்நாட்டில் 1994ஆம் ஆண்டில் பணி தொடங்கியது. போரின்பின் வடக்குக் கிழக்கில் இந்திய அரசின் கொடையாக நடைபெற்ற வீடமைப்பிலே குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா கட்டங் கட்டமாக வழங்கப்பட்டு, கட்டும் பொறுப்புக் குடும்பத்திடமே விடப்பட்டது. வெளியார் கை தேவைப்படவில்லை. ஆனால் சீமெந்தும் மணலும் விலையேற, தொகை போதாது வட்டிக்குக் கடன்பட்டு வீட்டை முடித்த குடும்பங்களும் உள. அத்தகைய குடும்பத்துக்கு அந்நேரத்தில் வேண்டியிருந்தது கொத்தனாரும் அல்லர், தொண்டரும் அல்லர். கொய்னோனியாவின் நிதியம் போன்ற ஒன்றே.

அந்நிதியத்தின் வழிவந்த ஒரு நடைமுறை ஹபிடாட்டில் தங்கிவிட்டது. அமெரிக்காவிலுள்ள ஒவ்வொரு கிளையும், குறித்த நோக்கமெதற்கும் ஒதுக்கப்படாத தன் நன்கொடையிற் பத்திலொன்றைப் பிற நாடுகளில் வீடு கட்டுதற்கு அனுப்புதல் வேண்டும் என்பது அது. அப்பணம் செல்லும் நாட்டிலே அவ்வூர்க் கொத்தனாரும் வீட்டுக்குரிய குடும்பமும் சேர்ந்து சுவர் எழுப்புவர். அனுப்பியவர் அவ்வீட்டைப் பார்ப்பதில்லை.