பூப்பும் மணவயதும்

பெண்மக்களின் பூப்பைப் பற்றி ஆடவராகிய யாம் எழுதுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். மஞ்சள் நீராட்டுக்குப் பந்தலிட்டு ஊரை அழைக்கும் நம்மவர், அதன் இயல்பைப் பேச மட்டும் நாணுதல் பொருந்தாது என்பதே எம் விடை.

பாட்டியல் நூலார் பெண்பாற் பருவங்களை ஏழாக வகுத்தனர். அவற்றுள் மங்கைக்கு 12, 13 வயதும், மடந்தைக்கு 14 முதல் 19 வயதும் உரியன என்பது பெருவழக்கு. பூப்போடு வளர்ச்சி முடிவதில்லை, அதன் பின்னரும் வளரும் பருவம் உண்டு என்பது இப்பகுப்பினாலேயே விளங்கும்.

இதனை மறந்தமையால் விளைந்த துன்பத்திற்குச் சரித்திரமே சான்று. கல்கத்தாவில் புல்மணி என்னும் பூப்பெய்தாச் சிறுமி, கணவன் கூடியதனால் உயிர் துறந்தாள். அவ்வழக்கு 1890-ஆம் ஆண்டில் நடைபெற்று நாட்டையே உலுக்கிற்று. அதுகாறும் சட்டம் 10 எனக் கொண்டிருந்த கூட்டத்திற்குரிய வயது, 1891-இல் 12 ஆயிற்று. 1929-இல் ஹரிபிலாஸ் சாரதா கொணர்ந்த சட்டம் பெண்ணின் மணவயதை 14 என வரையறுத்தது. அது நடைமுறைக்கு வந்தது 1930 ஏப்ரல் 1-இல். அதற்கு முன் கிடைத்த சில திங்களுக்குள் நாடெங்கும் பலர் தம் சிறுமியர்க்கு விரைந்து மணமுடித்தனர். அந்தோ! காக்க வந்த சட்டமே அப்பேதையர்க்குக் கேடாய் முடிந்தது. அவ்வயது 1949-இல் 15 ஆகி, 1978-இல் 18 ஆயிற்று. 12 என்பது 18 ஆவதற்கு 87 ஆண்டுகள் சென்றன.

மருத்துவர் கூறுவதும் இதற்கு இயைந்ததே. பூப்பெய்திய முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் மாதவிடாய் ஒழுங்கின்றி வருதல் இயல்பு. இடுப்பெலும்பு முற்ற வளர்வதற்கு மேலும் சில ஆண்டுகள் செல்லும். அதற்குமுன் கருவுறுதல் தாய்க்கும் சேய்க்கும் இடர் தருவதாம்.

யாம் பள்ளியில் ஆண்டுதோறும் காண்பது ஒன்றுண்டு. நீராட்டு விழாவுக்கென விடுப்புப் பெற்ற மாணவியருள் சிலர் மீண்டு வருவதில்லை. "பெரியவளாகி விட்டாளே, இனிப் படிப்பெதற்கு ஐயா?" என்பர் பெற்றோர். நன்றாய்ப் படித்தவளின் இடம் வெறிதாய்க் கிடக்க, பாடஞ் சொல்ல எமக்கு நா எழுவதில்லை.

ஆதலின் அன்னைமீர்! மகள் முதன்முதற் குருதி கண்டு அஞ்சி அழுமுன்னரே, ஒன்பது பத்து வயதில் அதன் இயல்பை எடுத்துரைமின். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டும் நம் வழக்கம் நன்றே. அதனோடு கீரை, பயறு, முட்டை முதலியனவும் நாள்தோறும் கொடுமின். தூய துணியோ அணையாடையோ கொடுத்து, உரிய பொழுதில் மாற்றப் பழக்குமின். குருதி ஏழு நாளுக்கு மேற்படினும், 15 வயதாகியும் பூப்பு நிகழாவிடினும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமின். மூலையில் ஒதுக்கி வையாதீர்.

தந்தையீர்! விழாவுக்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியை அவள் படிப்பிற்கென ஒதுக்குவீராக. பந்தல் பிரித்த மறுநாள் அவள் பள்ளிக்கு வருவாளாயின், அதுவே நம் குலத்துக்கு உண்மையான மங்கலமாம்.