பச்சைக் கலையும் ஜப்பானியச் சட்டமும்

பச்சை குத்திக்கொள்ள விழைவோர் ஓவியத்தைத் தேர்வதற்கு முன் கலைஞரைத் தேர்தல் வேண்டும். ஏட்டில் பிழைபட எழுதியதைக் கிழித்தெறியலாம். தோலில் எழுதியதைக் கிழித்தெறிய இயலுமா? இவ்வுண்மையை ஜப்பானிய வரலாறு நன்கு விளக்குகின்றது.

1827ஆம் ஆண்டளவில் குனியோஷி என்னும் ஓவியர், பழஞ்சீனக் கதையொன்றின் வீரர்களைப் பச்சை குத்திய மேனியராய் வரையத் தொடங்கினார். எடோ நகரத்துத் தீயணைப்போரும் உழைப்பாளரும் அவ்வோவியங்களைத் தம் முதுகில் ஏற்க விரும்பினர். கைக்கோலில் கட்டிய ஊசிகளால் முதுகு முழுவதையும் நிறைக்கப் பல மாதங்கள் ஆகும். அத்தனை காலமும் ஒருவர் கையையே நம்பியிருத்தல் வேண்டும்.

1872இல் மெய்ஜி அரசு இக்கலையைத் தடை செய்தது. மேலைநாட்டார் தம்மை நாகரிகமற்றோர் என எண்ணுவரோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். நிகழ்ந்ததோ வேறு! 1881இல் பிரிட்டிஷ் இளவரசர் ஜார்ஜ் ஜப்பானில் தம் கையில் பச்சை குத்திக்கொண்டார். 1891இல் ரஷ்ய இளவரசர் நிக்கோலாசும் நாகசாகியில் அவ்வாறே செய்தார். எவர் இகழ்வரென அரசு அஞ்சியதோ, அவரே வாடிக்கையாளராயினர்! சொந்த நாட்டு மக்களோ, அறிந்தவர் வாய்மொழியைத் துணையாகக் கொண்டு, மறைவில் கலைஞரை நாடினர்.

1948இல் தடை நீங்கியது. மருத்துவ உரிமம் இன்றிப் பச்சை குத்துதல் குற்றமன்று என 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் ஒதுக்கிய 76 ஆண்டுகளும் இக்கலையை வாழவைத்தது, நல்ல கையைத் தேடிச் சென்றோரின் நம்பிக்கையே எனலாம்.