இணைப்புப் புள்ளியில் எழும் வேறுபாடு யார் கணக்கில்? மும்பை எரிவாயுக் குழாய்களை முன்வைத்து

மாட்டுங்கா உணவகத்தின் அடுப்பிலும் செம்பூர் ஆட்டோவின் சிலிண்டரிலும் எரிவது மகாநகர் கேஸ் நிறுவனம் விற்கும் வாயு. 1995இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் நகர நுழைவு நிலையங்களான சிட்டி கேட் ஸ்டேஷன்களை அடையுமுன், அந்த வாயு பிறருடைய குழாய்களில் பயணம் செய்கிறது. கடலில் எடுக்கும் வாயு உரண் வழியாகவும், தஹேஜிலும் தாபோலிலும் இறங்கும் எல்.என்.ஜி. எனும் திரவ இயற்கை எரிவாயு அரசுத்துறை நிறுவனமான கெயிலின் குழாய்கள் வழியாகவும் வருகின்றன. காக்கிநாடாவிலிருந்து பரூச் வரை செல்லும் சுமார் 1,400 கி.மீ. கிழக்கு–மேற்குக் குழாய் 2009 முதல் இயங்குகிறது; கல்யாண் அருகே மஸ்கலில் அது கெயிலின் தஹேஜ்–உரண் குழாயோடு சேர்கிறது. இத்தகைய இணைப்பில் எழும் அளவு வேறுபாட்டை வாயுவை அனுப்பும் ஷிப்பரின் பெயரில் எழுதாமல், இரு குழாய் நிறுவனங்களின் பரஸ்பரச் சமன் கணக்கில் எழுத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வேறுபாடு பிறக்கும் இடம்

வாயு நாள் காலை 6 மணிக்குத் தொடங்குகிறது. ஷிப்பர் தன் தேவையை முன்கூட்டியே நாமினேஷனாகத் தருகிறார். வால்வும் அழுத்தமும் குழாய் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு: கன மீட்டருக்கு 9,500 கிலோ கலோரி எனக் கொண்டு 10 லட்சம் கன மீட்டருக்கு நாமினேஷன் கொடுத்தால், வெப்ப ஆற்றல் அலகில் அது 37,698 எம்.எம்.பி.டி.யு. ஆகிறது. வந்த வாயுவின் வெப்ப மதிப்பு 9,000 என்று வாயுவின் கூறுகளைப் பகுத்து அளக்கும் குரோமட்டோகிராஃப் கருவி காட்டினால், கன அளவு குறையாமலே 1,984 எம்.எம்.பி.டி.யு. குறைகிறது. 2023 ஏப்ரலில் நிர்வாக விலை வாயுவுக்கு வகுத்த 6.5 டாலர் உச்ச வரம்பில் கணக்கிட்டாலும், இது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 12,900 டாலர். இதில் ஷிப்பர் செய்த தவறு எதுவும் இல்லை.

விதியும் மாற்றும்

பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் 2008 அணுகல் விதித்தொகுப்பு, ஏற்றத்தாழ்வை முதன்மையாக ஷிப்பருக்கும் குழாய் நிறுவனத்துக்கும் இடையிலான விவகாரமாகவே கருதுகிறது. அமெரிக்காவில் 1998இல் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் 587-ஜி ஆணை, குழாய்கள் இணையும் இடங்களில் நிறுவனங்கள் தமக்குள் சமன் ஒப்பந்தம் செய்வதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/703 ஒழுங்குவிதியும் 2016 மே முதல் சமன் கணக்கையே பொதுவழியாக்கியது. உறுதி செய்த நாமினேஷன் அளவே ஷிப்பருக்குச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். மீட்டர் காட்டும் மிச்சமோ குறையோ நிறுவனங்களின் பேரேட்டில் ஏறி, பின்னொரு நாள் ஓட்டத்தைக் கூட்டியோ குறைத்தோ நேர் செய்யப்படும். குழாய்க்குள் எப்போதும் தங்கியிருக்கும் லைன்பேக் வாயுதான் இதைச் சாத்தியமாக்குகிறது.

இப்படிச் செய்தால் ஷிப்பர்கள் பொறுப்பில்லாமல் நடப்பார்கள் என்ற ஆட்சேபம் எழலாம். ஆனால் வெளியேறும் புள்ளியில் நாமினேஷனை மீறி வாயு எடுப்பவரின் கட்டணம் அப்படியே தொடரும். அவரிடமிருந்து நீங்குவது, இடையில் உள்ள இணைப்பில் பிறர் இயக்கத்தால் நேரும் வேறுபாடு மட்டும்.

மற்றோர் ஆட்சேபம் வலுவானது. விலை குறைந்த நாளில் வாங்கி ஏறிய நாளில் திருப்பினால் அல்லது அதற்கு மாறாக நடந்தால், ஒரு நிறுவனம் மற்றொன்றின் செலவில் லாபம் பார்க்கும். ஆகவே கணக்கு ஆற்றல் அலகில் இருக்க வேண்டும். லைன்பேக் திறனுக்கேற்ற உச்ச வரம்பு வேண்டும். வரம்புக்குள் வாயுவாகவும், அதைத் தாண்டியதை 2020இல் தொடங்கிய இந்திய எரிவாயுச் சந்தையின் விலையில் ரொக்கமாகவும் தீர்க்கலாம்.

எல்லையும் முடிவும்

இந்தக் கணக்கு பற்றாக்குறைக்கு மருந்தாகாது. 2025 நவம்பர் 16 அன்று மும்பையின் ஆர்.சி.எஃப். உர ஆலை வளாகத்தில் கெயிலின் முதன்மைக் குழாய் சேதமுற்று, வடாலா சிட்டி கேட் ஸ்டேஷனுக்கு வரத்து பாதிக்கப்பட்டது. வீடுகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது, சி.என்.ஜி. நிரப்பும் நிலையங்களில் ஆட்டோக்கள் வரிசை கட்டின. வாயுவே வராதபோது யாருக்கு முதலில் என்பதை முன்னுரிமை விதிதான் தீர்மானிக்க வேண்டும். சமன் கணக்கு அன்றாட ஏற்றத்தாழ்வுக்கு உரியது.

அந்த அன்றாடப் பணிக்கு வேண்டிய நிறுவன ஏற்பாட்டில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள ஒருங்கிணைந்த கட்டண முறையில், பல குழாய்களில் செல்லும் வாயுவுக்கு ஷிப்பர் ஒரே கட்டணம் செலுத்துகிறார். அவரவர் வருவாய்ப் பங்கை நிறுவனங்கள் தமக்குள் தீர்த்துக்கொள்கின்றன. பணத்துக்கு ஏற்றுக்கொண்ட இந்த முறையை ஆற்றலுக்கு மறுக்க நியாயமில்லை. மீட்டர் தரவும் வால்வும் யாரிடம் உள்ளனவோ அவர்களே வேறுபாட்டையும் சுமக்கட்டும்.