ஆக்ராவின் மஹ்தாப் பாக்: ஆற்றங்கரைத் தோட்டத்தின் கைவிடலும் அயல்நாட்டு ஆதரவிலான மீட்பும்

ஆய்வுச்சுருக்கம்

யமுனையின் இடக்கரையில், தாஜ்மகாலுக்கு நேரெதிரே அமைந்த மஹ்தாப் பாக் என்னும் முகலாயத் தோட்டம் நெடுங்காலம் மணல்மேடாகக் கிடந்தது. 1990களுக்குப் பின்னர் அயல்நாட்டு ஆய்வு நிறுவனங்கள், அறக்கொடைகள், சுற்றுலா வளர்ச்சிக் கடன் ஆகியவற்றின் துணையோடு மீட்கப்பட்டது. இம்மீட்பு யாருடைய பார்வையை மையமாகக் கொண்டு நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மஹ்தாப் பாக், யமுனை, முகலாயத் தோட்டக்கலை, கச்புரா, மரபுச் சுற்றுலா.

முன்னுரை

மஹ்தாப் பாக்கைப் பற்றிய பயண நூல்களும் பாதுகாப்பு அறிக்கைகளும் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கின்றன. பாழ்பட்ட மணல்மேடு ஒன்று இருந்தது, அயல்நாட்டு வல்லுநர் வந்தனர், தோட்டம் உயிர்பெற்றது. இக்கதை பொய்யன்று. ஆயினும் கைவிடப்பட்டமைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை இது மறந்துவிடுகிறது. வெளியிலிருந்து வந்த ஆதரவு ஒருதன்மையதன்று என்பதையும் இது காட்டுவதில்லை. ஆய்வுக்கு வந்த பணம், நிலத்தோற்றத் திட்டத்துக்கு வந்த உழைப்பு, அறக்கொடை, உலக வங்கிக் கடன், பயணியின் நுழைவுக்கட்டணம் ஆகிய ஒவ்வொன்றும் இத்தோட்டம் எதற்கானது என்பதற்குத் தனித்தனி விடை வைத்திருந்தன.

சொல்லாட்சி குறித்து ஒரு குறிப்பு. ‘பாக்’ என்பதைப் பூங்கா எனப் பெயர்ப்பதே இன்றைய தமிழ் வழக்கு. பூங்கா என்றதும் நகராட்சியின் பொதுவெளியே நம் நினைவுக்கு வருகிறது. முகலாயரின் பாக் மதிலும் வாய்க்காலும் கனிமரங்களும் கொண்டது; அரச குடும்பத்தார்க்கு உரியது. எனவே இங்குத் தோட்டம் என்ற சொல்லே ஆளப்படுகிறது. தோட்டம் பூங்காவாக மாறியதுதான் இக்கட்டுரையின் பொருள் என்றும் கூறலாம்.

ஆற்றை நடுவில் வைத்த நகரம்

1526இல் ஆக்ராவை அடைந்த பாபர், யமுனையின் மறுகரையில் ஒழுங்குபட்ட தோட்டங்களை அமைக்கத் தொடங்கினார். அப்பகுதியை உள்ளூர் மக்கள் ‘காபூல்’ என்று அழைத்ததாக அவரது நினைவுக்குறிப்பு தெரிவிக்கிறது. பின்வந்த ஒரு நூற்றாண்டில் இரு கரைகளிலும் அரச குடும்பத்தினரும் பிரபுக்களும் தோட்டங்களை எழுப்பினர். ஜெய்ப்பூரில் பாதுகாக்கப்படும் 18ஆம் நூற்றாண்டு ஆக்ரா வரைபடத்தில் இத்தகைய ஆற்றங்கரை அமைப்புகள் 44 இடம்பெறுகின்றன. இவ்வரைபடத்தை முகலாயக் கட்டடக்கலை வரலாற்றறிஞர் எப்பா கோக் விரிவாக ஆராய்ந்துள்ளார். இந்நகரின் நெடுந்தெரு யமுனையே. மாளிகைகள் ஆற்றை நோக்கி முகம் காட்டின, படகுகளே ஊர்திகளாயின.

மும்தாஜ் மகல் 1631இல் மறைந்தார். மறுஆண்டு தாஜ்மகாலின் பணி தொடங்கியது. அதன் நடு அச்சிலேயே, அதே அகலத்தில், ஏறத்தாழ 300 மீட்டர் அளவில் மறுகரையில் அமைந்தது மஹ்தாப் பாக். பெயரின் பொருள் நிலவொளித் தோட்டம். ஆற்றை ஒட்டிய விளிம்பில் பெரிய எண்கோணக் குளமும் அதைச் சார்ந்த மண்டபமும் இருந்தன.

தாஜ்மகாலின் கல்லறை ஏன் தோட்டத்தின் நடுவில் அமையாமல் ஆற்றோர விளிம்பில் நிற்கிறது என்பது பழைய வினா. மறுகரைத் தோட்டத்தையும் சேர்த்துக் கண்டால் கல்லறை நடுவிடம் பெறுகிறது, ஆறே நடு வாய்க்காலாகிறது என்பது எலிசபெத் மொய்னிஹன் தரப்பின் விளக்கம். ஆக்ராவின் ஆற்றங்கரைத் தோட்டங்கள் பெரும்பாலானவற்றில் முதன்மைக் கட்டடம் கரையோரத்தில்தான் அமையும். தாஜ்மகாலும் அம்மரபைப் பின்பற்றியதே என்பது கோக்கின் முடிவு. இரண்டும் ஒன்றையொன்று முழுதாக மறுப்பவை அல்ல. எனினும் அழுத்தம் எங்கு விழுகிறது என்பது முக்கியம். முதல் விளக்கத்தில் மஹ்தாப் பாக் தாஜ்மகாலின் மறுபாதி. இரண்டாவதில் அது பல தோட்டங்களுள் ஒன்றாகவும் நிற்கிறது. சுற்றுலா நிதி முதல் விளக்கத்தின் வழியிலேயே பாய்ந்தது.

கைவிடப்பட்டதன் வரலாறு

தோட்டம் தொடக்கத்திலிருந்தே வெள்ளத்துக்கு உட்பட்டது. 1652இல் ஆக்ராவுக்கு வந்த ஔரங்கசீப், தந்தைக்கு எழுதிய கடிதத்தில் தாஜ்மகாலின் கசிவுகளைப் பட்டியலிட்டதோடு மஹ்தாப் பாக் முற்றிலும் நீரில் மூழ்கியதையும் குறிப்பிட்டார். விரைவில் பசுமை திரும்பும் என்றும், எண்கோணக் குளமும் மண்டபமும் நல்ல நிலையில் உள்ளன என்றும் தெரிவித்தார். வெள்ளம் வரும், வண்டல் படியும், அகற்றப்படும் என்ற எதிர்பார்ப்பு அதில் தெரிகிறது. அதாவது இத்தோட்டம் தொடர்ச்சியான உழைப்பைக் கோரியது. நீரை மேலேற்றவும் வண்டலை வாரவும் ஆட்கள் வேண்டும். 1648இல் தலைநகர் ஷாஜகானாபாத்துக்கு மாறிவிட்டிருந்தது. அரண்மனையின் கவனம் விலகியபின் இவ்வுழைப்பு நிலைக்கவில்லை.

இயற்கையோடு கதையும் சேர்ந்து தோட்டத்தை மறைத்தது. ஷாஜகான் மறுகரையில் தமக்கொரு கல்லறை கட்டத் தொடங்கினார் என்றும் மைந்தர்களின் போர் அதைத் தடுத்தது என்றும் பிரெஞ்சு வணிகர் தாவெர்னியே 17ஆம் நூற்றாண்டில் எழுதினார். அவர் எழுத்தில் கருநிறம் இல்லை; ‘கறுப்புத் தாஜ்’ என்பது பிற்காலத்தார் ஏற்றிய நிறம். 1871இல் தொல்லியல் துறைக்காக ஆக்ராவை ஆய்ந்த ஏ.சி.எல். கார்லைல், குளத்தின் எச்சங்களையே அக்கல்லறையின் அடித்தளமாகக் கொண்டார். முடிவுறாத கல்லறையைத் தேடியவர்களுக்கு முடிவுற்ற தோட்டம் புலப்படவில்லை. ஒரு நிலத்துக்குத் தவறான பெயர் இடுவதும் அதனைக் கைவிடும் முறைகளில் ஒன்றே எனத் தோன்றுகிறது. கர்சன் ஆட்சிக்காலத்தில் தாஜ்மகால் வளாகம் புல்வெளிகளோடு திருத்தியமைக்கப்பட்டபோதும் மறுகரை அத்திட்டத்தில் இடம்பெறவில்லை.

1990களின் இரு நோக்கங்கள்

மறுகரை மீண்டும் கவனம் பெற்றதற்கு முதற்காரணம் அழகன்று, காற்று. தாஜ்மகாலின் பளிங்கை மாசும் புழுதியும் கெடுப்பதாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 30இல் தீர்ப்பளித்தது. தாஜ் சரிவகம் எனப்படும் 10,400 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் நிலக்கரி எரிக்கும் ஆலைகள் எரிவாயுவுக்கு மாறவோ இடம்பெயரவோ பணிக்கப்பட்டன. மாசைத் தடுக்கும் மரவேலி பற்றிய பேச்சும் இச்சூழலில் வலுப்பெற்றது. மறுகரை மணல் காற்றில் எழுந்து பளிங்கைத் தாக்குவதால் அங்கு மரங்கள் தேவைப்பட்டன.

இந்தியத் தொல்லியல் துறை அகழ்வைத் தொடங்கியது. வாஷிங்டனின் ஆர்தர் எம். சாக்லர் காட்சியகம் 1996இல் இத்துறையோடு இணைந்து ஆய்வு மேற்கொண்டது. அதன் பயனாக மொய்னிஹன் பதிப்பித்த ‘தி மூன்லைட் கார்டன்’ 2000இல் வெளிவந்தது. எண்கோணக் குளமும் நீரமைப்பும் வெளிப்பட்டதும் கறுப்புத் தாஜ் கதை ஆதாரமிழந்தது. ஆற்றின் அக்கரையில் உள்ள வெண்பளிங்கே இக்குளத்து நீரில் நிழலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இதே காலத்தில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் நிலத்தோற்றக் கலைப் பேராசிரியர்களான டெரன்ஸ் ஹார்க்னஸ், அமிதா சின்ஹா ஆகியோர் உத்தரப் பிரதேசச் சுற்றுலாத் துறையோடு சேர்ந்து தாஜ் சூழ் பகுதிக்கு மரபு வட்டாரத் திட்டம் ஒன்றை வகுத்தனர். ஆற்றின் இரு கரைகளையும் ஒரே பண்பாட்டு நிலமாக அது கண்டது. அயல்நாட்டு அறிவுத்துணையின் மதிப்பு இங்கு மறுக்கவியலாதது. நம் துறைகள் கரைக்கொரு கோப்பாகப் பிரித்து வைத்திருந்ததை அது ஒன்றாக வைத்தது.

ஆனால் இரு நோக்கங்கள் ஒரே நிலத்தில் மோதின. மரவேலிக்கு உயரமும் அடர்த்தியும் வேண்டும். தோட்டத்துக்குத் திறந்த நடு அச்சு வேண்டும். தொல்லியல் துறை முகலாயர் காலத்துக்கு உரியவை எனக் கருதிய செடி மரங்களைத் தேர்ந்தது. மகிழம், நாவல், வேம்பு, அரளி, செம்பருத்தி, எலுமிச்சை இனங்கள் நடப்பட்டன. பட்டியலில் கொய்யாவும் உண்டு. அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழி வந்த கொய்யா ‘மரபுத் தாவரம்’ ஆகியிருப்பது, மரபு என்னும் அளவுகோலே எவ்வளவு நெகிழ்ச்சியானது என்பதற்குச் சிறு சான்று.

சுற்றுலாப் பணமும் அதன் பார்வையும்

நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட உலக நினைவுச்சின்ன நிதியம் கடந்த பத்தாண்டில் தொல்லியல் துறையோடு சேர்ந்து மஹ்தாப் பாக், இதிமாத்-உத்-தௌலா ஆகிய இரு தோட்டங்களின் மீட்பில் ஈடுபட்டது. பயணத் தொழிலுக்கும் இந்நிதியத்துக்கும் உள்ள உறவு புதிதன்று. அழிவை எதிர்நோக்கும் சின்னங்களின் பட்டியலை அது 1990களில் தொடங்கியபோது நிறுவன ஆதரவு தந்தது, பயணிகள் காசோலையால் புகழ்பெற்ற அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம். உலக வங்கி 2017இல் உத்தரப் பிரதேசத்தின் ஏழை நலச் சுற்றுலா வளர்ச்சித் திட்டத்துக்கு 4 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. ஆக்ரா, பிரஜ், பௌத்தத் தலங்கள் ஆகியவற்றை உள்ளடக்கிய அத்திட்டத்தில் மஹ்தாப் பாக்கும் அருகிலுள்ள கச்புராவும் இடம்பெற்றன. கடனை ‘ஆதரவு’ என எழுதும் வழக்கம் திருத்தப்பட வேண்டும். அதைத் திருப்பிச் செலுத்துவோர் இங்குள்ளவரே.

நேரடியாகப் பயணியிடமிருந்தே வரும் பணம் நுழைவுக்கட்டணம்தான். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இத்தோட்டத்துக்கு இந்தியர் 25 ரூபாயும் அயல்நாட்டவர் 300 ரூபாயும் செலுத்துகின்றனர். இப்பன்னிரு மடங்கு எதற்காகத் தரப்படுகிறது? செடிகளுக்காக அன்று. மாலை வெயிலில் தாஜ்மகாலின் பின்புறத்தை நெரிசலின்றிக் காண்பதற்காகவே. ஒருகாலத்தில் தானே காட்சியாக இருந்த தோட்டம் இன்று காட்சிமேடையாகிவிட்டது. சூரியன் மறைந்ததும் வாயில் அடைக்கப்படுகிறது. நிலவொளிக்கென அமைத்த தோட்டத்தில் நிலவைக் காண இயலாது.

இப்பார்வை எதை விட்டுவிடுகிறது என்பதற்கு மேற்புறம் சற்றுத் தொலைவில் அதே கரையில் உள்ள ஜஹானாராவின் தோட்டம் சான்று. அதனை அமைக்கத் தொடங்கியவர் மும்தாஜ். அவருக்குப்பின் மகளுக்குச் சென்றது. மும்தாஜின் பெயரோடு இணைத்துக் கூறத்தக்க கட்டடப்பணி இது ஒன்றே எனக் கோக் காட்டுகிறார். அதில் இன்று எஞ்சியிருப்பது மூலைக் கோபுரம் ஒன்றே. மும்தாஜுக்காகக் கட்டியதைக் காண இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். மும்தாஜ் கட்டியது பயணிகளின் வழித்தடத்தில் இல்லை. 44 இடங்களுள் எது மீள்கிறது என்பதை வரலாற்று மதிப்பைவிடக் கண்ணுக்குத் தெரியும் கோணமே முடிவு செய்திருக்கிறது.

கச்புராவும் நீரும்

தோட்டத்தை அடுத்திருக்கும் கச்புராவில் ஹுமாயூன் காலத்து மசூதி, 1530ஆம் ஆண்டினது, இன்றும் நிற்கிறது. 2005ஆம் ஆண்டை ஒட்டி, நகர்ப்புற ஏழைகளிடையே பணியாற்றும் க்யூர் என்னும் தில்லி அமைப்பு, அமெரிக்க வளர்ச்சி உதவி முகமை முதலியவற்றின் துணையோடு இவ்வூரில் பணி தொடங்கியது. ஊர்த் தெருக்கள் வழியாக மஹ்தாப் பாக் வரை செல்லும் ‘முகலாய மரபு நடை’ உருவாயிற்று; ஊர் இளைஞரே வழிகாட்டிகளாயினர். பின்னர் இலண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் பங்கேற்போடு, ஊரின் திறந்த சாக்கடை நீரை நாணல் படுகை முதலியவற்றால் தூய்மை செய்யும் சிறு நிலையம் ஒன்று கட்டப்பட்டது. அந்நீர் யமுனையை நோக்கிச் செல்வது.

மேற்கூறிய முயற்சிகளுள் அளவில் மிகச் சிறியது இதுவே. ஆனால் நீரைப் பொருட்டாகக் கொண்டதும் இதுவே என்பது என் கருத்து. ஹத்னிகுண்ட், வஜீராபாத், ஓக்லா ஆகிய தடுப்பணைகளில் யமுனை நீர் திருப்பப்படுவதால், கோடையில் ஆக்ராவை அடைவது பெரிதும் கழிவுநீரே. ஆற்றை நடு வாய்க்காலாகக் கொண்ட அமைப்பென அறிஞர் விளக்கிய வளாகத்தில் அவ்வாய்க்காலைக் குறித்து எந்தத் தோட்ட மீட்புத் திட்டத்துக்கும் அதிகாரம் இல்லை. அகழ்ந்து வெளிக்கொணர்ந்த எண்கோணக் குளம் நீரின்றிக் கிடக்கிறது. பயணிகள் அதன் விளிம்பைக் கடந்து, கம்பிவேலி வரை சென்று படமெடுக்கின்றனர். மேற்கே சில நூறு அடி தொலைவில் கச்புராவின் நாணல் படுகையிலிருந்து வெளியேறும் நீரை ஊரார் செடிகளுக்குப் பாய்ச்சுகின்றனர்.